ஞாயிற்றுக்கிழமைகள் நீங்கலாக

1964 செப்டம்பர் 9, புதன்
தாடியஸின் முடிவெட்டும் கடையில் இன்றும் வகுப்பு. வாக்காளர் பட்டியலில் பேர் பதிவதற்கான பரீட்சைக் கேள்விகளை அவன்தான் வாசித்துக் காட்டுகிறான். மசோதாவை ஜனாதிபதி எத்தனை நாளுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும்? பத்து நாள். "ஞாயித்துக்கிழமைங்க நீங்கலா. அதை விட்டா அவ்வளவுதான்க்கா."
நாற்பது வருடமாகக் கோயில் ஆராதனையில் பாடுகிறவள், ஞாயிறை விடுவேனா? மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான். காதில் விழுந்தது எதுவும் மறக்காது.

செப்டம்பர் 11
பரீட்சை மட்டும் போதாதாம். எங்கள் மாவட்டத்தில் கறுப்பர் பதிய வேண்டுமென்றால், ஏற்கெனவே பதிந்த ஒருவர் கூடவே வந்து சாட்சி சொல்ல வேண்டும். ஒருவர் வருடத்துக்கு இரண்டு பேருக்குத்தான் சொல்லலாம். எங்கள் சபையில் பதிந்தவள் ஒருத்தியே. யார்? லுபெர்ட்டா!
எனக்கு ஓட்டே வேண்டாம்.

செப்டம்பர் 12
ஏன் வேண்டாம்? அறுபத்தேழு வயது. பேரப்பிள்ளைகள் ஒன்பது பேர். சாவதற்குள் ஒரு தடவை போட வேண்டாமா?
ஆனால் 1945 ஆகஸ்ட் 19, சபை விருந்து. அத்தனை பேர் முன்னால் என்னைச் சொன்னாளே — "ஓசெல்லா சுட்ட சோள ரொட்டி உள்ள பச்சை மாவு." அன்றோடு பேச்சு நின்றது. கோயிலில் உட்காருவது மட்டும் ஒரே பெஞ்சில்.

செப்டம்பர் 13, ஞாயிறு
ஆராதனை முடிந்ததும் நானே போய்க் கேட்டேன்.
"அடேயப்பா, வாய் வந்துருச்சா!" என்றாள். பிறகு தரையைப் பார்த்தாள். "ஒரு சாட்சிதான்டி மிச்சம். ஆமோஸுக்குன்னு வெச்சிருக்கேன்."
புருஷனுக்குத்தானே முதலில். திரும்பிவிட்டேன். அழவில்லை.

செப்டம்பர் 21, திங்கள்
பதிவு நாள். காலையில் வாசலில் லுபெர்ட்டா, கோயில் தொப்பியோடு.
"கெளம்புடி."
"ஆமோஸ்?"
"மூணு தடவை கேட்டேன், மூணு தடவையும் ஞாயிறை விட்டுட்டாரு. உனக்கு எதுவும் மறக்காது. பத்தொம்பது வருஷமா அனுபவிக்கிறேனே, எனக்குத் தெரியாதா?"
அலுவலகத்தில் வெள்ளைக்கார எழுத்தர் அவளிடம், "இவளை எப்படித் தெரியும்?" என்றார்.
"சின்ன வயசுலேருந்து தெரியும். நல்லவ."
அவர் என்னை இருபது கேள்வி கேட்டார். ஒன்றிலும் தடுமாறவில்லை. படியிறங்கும்போது லுபெர்ட்டா காதோரம் சொன்னாள்: "ரொட்டியைப் பத்தி அவரு கேக்கல. நானும் சொல்லல."
சிரித்துத் தொலைத்தேன்.

அக்டோபர் 3
கடிதம் வந்தது. பதிந்துவிட்டார்கள்.

நவம்பர் 3
போட்டேன்.

1965 ஜனவரி 4, திங்கள்
புது வருடத்தின் முதல் பதிவு நாள். இனி எனக்கும் இரண்டு சாட்சி உண்டு. முதலாவது ஆமோஸுக்கு. லுபெர்ட்டா அலுவலகக் கதவோரம் நின்றாள்.
மசோதாக் கேள்வியே வந்தது. "பத்து நாள்" என்றார் ஆமோஸ். நிறுத்தினார். தொப்பியைத் திருகினார்.
"ஞாயித்துக்கிழமைங்க நீங்கலா, ஐயா."
மதியம் அவர்கள் வீட்டில் சாப்பாடு. சோள ரொட்டி நான் சுட்டேன், பத்து நிமிடம் கூடுதலாக. லுபெர்ட்டா பிட்டு, உள்ளே பார்த்தாள். இரண்டாம் துண்டு எடுத்தாள்.
இதையும் மறக்க மாட்டேன்.