வாயால் சொன்னால் செல்லாது

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன். போனில் சொல்ல வெட்கம், அதனால் எழுதுகிறேன்.

ஆபீஸில் எந்த உத்தரவும் வாட்ஸ்அப் குரூப்பில் எழுதினால்தான் செல்லும் என்று விதி போட்டவன் நான். நேற்று ஸ்டோர் ரூமில் பூட்டு சிக்கி உள்ளே மாட்டிக்கொண்டேன். போன் வெளியே மேஜையில்.

"பூட்டை உடைங்கப்பா!" என்று கத்தினேன்.

காவலாளி பணிவாகச் சொன்னார்: "குரூப்ல கேட்டிருக்கேன் சார். நீங்க ஓகே போட்டதும் உடைச்சிடறேன். வாயால சொன்னா செல்லாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

கடைசியில் மேனேஜர் வந்து, குரூப்பில் எழுதி உடைக்கச் சொன்னார். என் முன்னால் யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பையும் குரூப்பில்தான் போட்டுக்கொண்டார்கள். மானமே போய்விட்டது, அம்மா.

அப்பாவின் பழைய போர்வையை அனுப்பி வை. ஆபீஸ் வண்டி வந்துவிட்டது, முடிக்கிறேன். "முதலில் மெசேஜ் போடு, பிறகு கூப்பிடு" என்று உனக்கும் விதி போட்டேனே, அதை விட்டுவிடு. தோன்றும்போதெல்லாம் கூப்பிடு.

உன் மகன்