இரண்டு வெளிச்சம் சேர்ந்தால் இருட்டு

சிரிப்பை அடக்கத் தெரியாத என் மதினிக்கு,

நலமா என்று கேட்க முடியாது. ஆனாலும் கேட்காமல் எப்படித் தொடங்குவது? இங்கே எல்லோரும் சுகம். கம்பத்தில் இந்த வருஷம் நல்ல மழை. உங்கள் பந்தலில் திராட்சை கொத்துக் கொத்தாய்த் தொங்குகிறது. அதைவிடப் பெரிய சேதி ஒன்று இருக்கிறது. நீங்கள் தோற்றுவிட்டீர்கள் மதினி!

பிள்ளைகள் வெளியூருக்குப் படிக்கப் போனபின், என்னையும் இழுத்துக்கொண்டு அஞ்சல்வழியில் இயற்பியல் பட்டத்துக்குச் சேர்ந்தது நீங்கள்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் நேர்முக வகுப்புக்குத் தேனிக்கு பஸ் ஏறுவோம். கல்யாண வீட்டுக்குப் போவதுபோலப் பூ வைத்துக்கொண்டு வருவீர்கள். ஒருநாள் ஒளி அலைகள் பாடம். ஒரு விளக்கின் வெளிச்சத்தை அருகருகே இருக்கும் இரண்டு மெல்லிய கீறல்கள் வழியாக அனுப்பினால், சுவரில் சில இடங்கள் இருட்டாகிவிடும் என்றார் சார். உடனே எழுந்து நின்றீர்கள்.

"ரெண்டு வெளிச்சம் சேந்தா கூடத்தான சார் செய்யணும்? எங்க வீட்ல ரெண்டு பல்பு போட்டா இருட்டாவா போகுது?"

வகுப்பே சிரித்தது. சாரும் சிரித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். இரண்டு பல்புகளின் அலைகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் துடிப்பவை, அதனால் அங்கே இருட்டு வரி தெரியாது. ஒரே விளக்கிலிருந்து பிரிந்தவை சேர்ந்து துடிக்கும். ஒன்றின் மேடு இன்னொன்றின் பள்ளத்தைச் சந்திக்கும் இடத்தில் வெளிச்சம் இருக்காது. அதுதான் குறுக்கீட்டு விளைவு. நீங்கள் ஒப்புக்கொள்ளவே இல்லை.

மறுநாள் தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியில் இரண்டு விரல்களை ஒரே தாளத்தில் தட்டிக் காட்டினேன். அலைகள் குறுக்கிட்ட இடத்தில் நடுநடுவே தண்ணீர் அசையாமல் கிடந்தது. குனிந்து வெகுநேரம் பார்த்தீர்கள்.

"தண்ணிக்குச் சரித்தா. வெளிச்சம் என்ன தண்ணியா? கண்ணால பாத்தாத்தேன் நம்புவேன்."

அதைப் பார்க்காமலே போய்விட்டீர்கள். காலையில் என்னோடு காபி குடித்தவர் மத்தியானம் இல்லை. இதயம் என்றார்கள். அவ்வளவு கலகலப்பான இதயத்துக்கு என்ன ஆகியிருக்கும்?

புத்தகங்களைப் பரணில் போட்டுவிட்டேன். அண்ணனோ பேச்சையே விட்டுவிட்டார். சாப்பிட்டீர்களா என்றால் "ம்". திராட்சைக்கு மருந்தடிக்க ஆள் வரச்சொல்லவா என்றால் அதற்கும் "ம்". உங்கள் வீட்டுக்காரரா இப்படி என்று ஊரே கேட்டது.

செய்முறைத் தேர்வு நெருங்கியபோது எனக்குப் போக மனமில்லை. ஆனால் உங்கள் கேள்வி விடவில்லை. ஒரு கண்ணாடித் துண்டில் மெழுகுவர்த்திக் கரியைப் பிடித்து, பிளேடால் ஒற்றைக் கோடு கிழித்தேன். பக்கத்திலேயே இரண்டு பிளேடுகளைச் சேர்த்துப் பிடித்து இரட்டைக் கோடு. தோட்டத்தில் மருந்தடிக்கும் மெஷின் வைக்கிற அறையில் கதவைச் சாத்தினால் பகலிலும் கும்மிருட்டு. சின்ன லேசர் விளக்கைப் பிடிக்க அண்ணனைக் கூப்பிட்டேன்.

முதலில் ஒற்றைக் கோடு. சுவரில் சிவப்பு வெளிச்சம் அகலமாய் இழுபட்டு விழுந்தது.

"ஏத்தா, கீறல் முடிக்கனம்கூட இல்ல. வெளிச்சம் எதுக்கு இம்புட்டு அகலமா விரியுது?"

அவர் வாயிலிருந்து முழு வாக்கியம் வந்து எத்தனை நாளாயிற்று மதினி!

"இடுக்கு குறுகக் குறுக அலை பக்கவாட்டுல விரியும்ணே. அதுக்குப் பேரு விளிம்பு விளைவு. இப்ப ரெட்டைக் கோட்டுக்கு நகத்துங்க."

நகர்த்தினார். அதே சிவப்புக்குள் கறுப்பு வரிகள், சீப்பின் பல்போல. சுவரில் கை வைத்துத் தடவியே பார்த்துவிட்டார்.

"இங்கன இருந்த வெளிச்சம் எங்க போச்சு?"

"எங்கயும் போகலண்ணே. பக்கத்து வரியப் பாருங்க, முன்னவிடப் பளிச்சுனு இருக்குல்ல? அங்க சேந்துருச்சு."

ஒற்றைக் கோடு, இரட்டைக் கோடு என்று மாற்றி மாற்றி நகர்த்திக்கொண்டே இருந்தார். "அவ பாத்திருக்கணும்" என்றார். அழுதோம். கதவைத் திறந்து வெளியே வந்தபோது தானாகவே, "பசிக்குதுத்தா" என்றார்.

தேர்வில் தேறிவிட்டேன். இப்போது கண்ணாடித் துண்டும் லேசர் விளக்கும் அண்ணன் சட்டைப்பையில். திராட்சை மார்க்கெட்டில், ஜீப் ஸ்டாண்டில், யார் கிடைத்தாலும் நிழலுக்குள் இழுத்துக் காட்டுகிறார். மலைக்குப் போகும் மலையாளி ஜீப் டிரைவர் ஒருவர் "சேட்டா, இதெந்தா மாஜிக்கா?" என்று கேட்டாராம். நேற்று அண்ணன் கோபமாய் வீட்டுக்கு வந்தார்.

"கண்ணால பாத்தும் ஒருத்தனும் நம்ப மாட்டேங்கிறான். பேட்டரி வீக்குங்கிறாங்ய! உங்க சார்ட்டக் கேளு, வர்ற வருசம் என்னையச் சேப்பாகளான்னு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். தெருவுக்கே கேட்கும்படி.

சேர்த்துவிடுகிறேன் மதினி, அது என் பொறுப்பு. நான் பட்டம் வாங்கும் நாளில் உங்கள் கத்தரிப்பூ நிறப் பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டுதான் மேடையேறுவேன். கேட்காமல் எடுத்தேன் என்று நினைக்க வேண்டாம், இதோ கேட்டுவிட்டேன்.

என்றும் உங்களோடு வாதாடும்,
உங்கள் நாத்தனார் மலர்