வண்டிக்குக் கீழே ஒரு சாக்குத் துண்டு

மருதமுனை,
16.07.2009, வியாழன்.

அன்புள்ள மகன் பஸாலுக்கு வாப்பா எழுதுறது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்ட கிருபையால நாங்க சுகம் எண்டு வழமையா எழுதுற வரியை இந்த முறை அரைவாசிதான் எழுதலாம் மகன். உடம்புகள் சுகம். உம்மாட சீனி வருத்தம் குறைஞ்சிருக்கு, நீ அனுப்பின கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்து வளவுச் சண்டையெல்லாம் இப்ப தெளிவாப் பாக்கா. எனக்குத்தான் மூண்டு கிழமையாச் சோறு இறங்குதில்ல. டெலிபோன்ல சொல்லுவம் எண்டு ரெண்டு தரம் எடுத்தன், கட்டார்ல வெயில் எப்பிடி, சாப்பாடு எப்பிடி எண்டு கேட்டுட்டு வெச்சிட்டன், வாய் வரல்ல. அதான் எழுதுறன். முழுக்கப் படிச்சிட்டுக் கோவப்படு.

உன்ட பழைய மோட்டார் சைக்கிள்தான் கதை. சண்டை முடிஞ்சதோட நாவிதன்வெளி வயலுக்குப் பாதை திறந்து கிடக்கு. முந்தி எண்டா ஆமிட சென்றிக்குச் சென்றி இறங்கி உருட்டணும், வண்டி சூடாகவே விடமாட்டாங்க. இப்ப கிட்டங்கிப் பாதையால ஒரே ஓட்டமாப் போய் வாறன், வருஷக் கணக்கா விட்டுக் கிடந்த காணியில வேளாண்மை பச்சையா நிக்கி. அந்தச் சந்தோஷத்துல வண்டியில ஒயில் குறையிறதை நான் பெரிசா எடுக்கல்ல. குறைஞ்சா ஊத்துறது, ஓடுறது. எங்கால போகுது எண்டு ஒருக்காக் குனிஞ்சு பாத்தா முதுகு முறிஞ்சா போகும்? பாக்கல்லயே.

மஜீட் மாமா பள்ளியில வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சதை உனக்குச் சொன்னன், மிச்சத்தைச் சொல்லல்ல. அண்டைக்கு வயலால வரக்குள்ள அஸர் ஜமாஅத் தொடங்கிட்டுது. எல்லாரும் வண்டியைக் கேற்றுக்கு வெளியதான் விடுறது, எங்கட குடிக்கு மரைக்கார், பள்ளி நிர்வாகத்துல ஒருத்தன் எண்ட பெருமையில நான் மட்டும் உள்ளுக்குக் கொண்டுபோய் கை கால் கழுவி ஒழுச் செய்யிற தொட்டிக்குப் பக்கத்துச் சீமெந்துல விடுறது. அவசரத்துல சைட் ஸ்டாண்டைத் தட்டிச் சரிச்சு விட்டுட்டு ஓடினன். தொழுது முடிய, மோதினார் அபுல் ஹஸனைக் கூப்பிட்டு, வண்டிக்கு ஒரு போத்தல் ஒயில் வாங்கிட்டு வாங்க எண்டு கல்முனைக்கு அனுப்பினன். அவர் கூட்டுற தும்புத்தடியும் கையுமா நிண்டார். இந்த இடத்தைத் துடைச்சிட்டுப் போகட்டா மரைக்கார் எண்டு கேட்டார். அதெல்லாம் புறகு பாக்கலாம், முதல்ல போங்க எண்டு விரட்டினன். வண்டியைக் கேற்றடி நிழலுக்கு உருட்டிக்கொண்டு வந்து நான் குந்தியிருக்க, மாமா பிந்தி வந்து ஒழுச் செய்து, ஈரக் காலோட அந்தச் சீமெந்துல கால் வெச்சார். விழுந்த சத்தம் இன்னும் காதுக்குள்ள கிடக்கு மகன். அவரைத் தூக்கி எடுக்கக்குள்ள தண்ணியில பல நிறமா ஒரு மினுக்கம் படந்து கிடந்ததை நான் கண்டன். வேற ஒருத்தரும் காணல்ல.

அடுத்த வெள்ளி மரைக்கார்மார் கூடினம். நிலம் ஈரமும் பாசியுமாக் கிடந்ததாம், மோதினார் அந்நேரம் பள்ளியில இல்லையாம், ஆளை வேலையால நிப்பாட்டணும் எண்டாங்க. எங்க போனீங்க எண்டு கேக்க, அவர் என்னை ஒருக்காப் பாத்தார், கடைக்கு எண்டார். அனுப்பின ஆள்ட பேரைச் சொல்லல்ல. நானும் வாய் திறக்கல்ல. கையை உசத்தச் சொன்ன நேரம் என்ட கையும் உசந்திச்சு. பதினெட்டு வருஷம் பாங்கு சொன்ன மனிசன் ஒரு தகரப் பெட்டியோட சம்மாந்துறைக்கு, தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டார். நீயும் போன்ல, பொறுப்பில்லாத ஆள் வாப்பா எண்டு ஏசினாய், நான் ஓம் போட்டன்.

அது நம்மட ஒயில் இல்லாம இருக்கணும் எண்டு நான் கேட்ட துஆ கொஞ்சமில்ல. வீட்ட வண்டிக்குக் கீழ ஒரு காட்போட் மட்டையைப் போட்டன். டபுள் ஸ்டாண்ட்ல நிமிந்து நிண்ட வண்டி, விடியப் பாத்தா ஒரு சொட்டில்ல. அல்ஹம்துலில்லாஹ், ஒழுகல்ல எண்டு சத்தமாச் சொன்னன். உம்மா குசினிக்குள்ள இருந்து, ஒழுகாத வண்டிக்கு ஏன் இவ்வளவு சத்தம் எண்டு கேட்டா. அதுக்குப் புறகுதான் உனக்குப் போன் எடுத்து ஒழுக்குப் பாக்கிறது எப்பிடி எண்டு விசாரிச்சன். ஏன் வாப்பா திடீரெண்டு எண்டு கேட்டாயே, இதுக்குத்தான். நீ சொன்னபடி மண்ணெண்ணெய் போட்டு இஞ்சினைக் கழுவி, வெயில்ல காய விட்டு, உம்மாட பவுடரைத் தூவினன். கிழட்டு வண்டிக்கு மாப்பிள்ளைச் சோடினையோ எண்டு அதுக்கும் ஏச்சு. வயலுக்கு ஓடி வந்து, சூட்டோட சைட் ஸ்டாண்ட்ல சரிச்சிட்டுப் பாத்துக்கொண்டிருந்தன். கியர் மிதிக்கிற கம்பி இஞ்சினுக்குள்ள போற இடத்துல, வெள்ளைப் பவுடர்ல கறுப்பா ஒரு கோடு இறங்கி, அடியில திரண்டு, சொட்டிச்சு. நிமித்தினா நிக்கி, சரிச்சா வடியிது. சூடும் வேணும் சரிவும் வேணும், பள்ளியில ரெண்டும் இருந்திச்சு.

அந்தக் கம்பியைச் சுத்தி ஒயிலைத் தடுக்கிற பழைய சீல், அந்த ரப்பர் வளையத்தைக் கிளறி எடுத்தா ஓடு மாதிரி இறுகிக் கிடக்கு. புதுசு போட்டும் கசிஞ்சிது. கம்பியைத் துடைச்சுப் பாத்தா, சீல்ட வாய் பிடிக்கிற இடத்துல துரு திண்டு ஒரு வளையம், கடல் தண்ணி செய்த வேலை. கடைசியா சீலைக் கொஞ்சம் உள்ளுக்குத் தள்ளி நல்ல இரும்புல வாய் பிடிக்கிற மாதிரி இருத்தினன், ஒழுக்கு நிண்டிட்டுது. சுனாமியில கடல் வந்த கிழமை மணலுக்குள்ள இருந்து இந்த வண்டியைத் தோண்டி எடுத்து நீ கழட்டிக் கழுவினது ஞாபகமா? இந்தச் சீலையும் மாத்தணும் வாப்பா எண்டாய். சுல்பிகா மாமியைத் தேடி முகாம் முகாமா ஓடணும் எண்ட அவசரத்துல, காணும், பூட்டு எண்டது நான்தான். அந்த மாமிட புருஷனைத்தான் அது விழுத்திச்சு.

நேத்துச் சம்மாந்துறைக்குப் போனன், நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேப்பம் எண்டு. பழக்கத்துல சைட் ஸ்டாண்டைத் தட்டினன். ஸலாம் சொல்லி முடியல்ல, அபுல் ஹஸன் உள்ளுக்குப் போய் ஒரு சாக்குத் துண்டைக் கொண்டு வந்து, குனிஞ்சு, இஞ்சினுக்குக் கீழ சரியா அந்தச் சொட்டு விழுற இடத்துல விரிச்சார். இது ஒழுகினது உங்களுக்குத் தெரியுமா எண்டு கேட்டன். ஓம் மரைக்கார், அண்டைக்கு ஒரு மாசத்துக்கு முதலே இருந்து தெரியும், நீங்க போன கையோட சாம்பலைப் போட்டுத் துடைச்சிருவன், சனம் வெறுங்காலோட நடக்கிற இடமே, அண்டைக்குத்தான் தவறிட்டு எண்டார். அப்ப ஏன் சபையில சொல்லல்ல எண்டு கேட்டன். சாக்குட ஒரு மூலையை இழுத்து நேராக்கினார். நீங்க சொல்லுவீங்க எண்டு பாத்துக்கொண்டிருந்தன் எண்டார்.

இண்டைக்குக் காலையில மஜீட் மாமாவிட்டயும் போய்ச் சொல்லிட்டன். அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிட்டார். மகள் றுகையா வெச்ச தேத்தண்ணி அப்பிடியே ஆறிக் கிடந்திச்சு. நாளைக்கு ஜும்ஆ முடிய எழும்பி நிண்டு எல்லாருக்கும் முன்னால சொல்லப் போறன், மரைக்கார் வேலையையும் விடப் போறன். மோதினாரையும் வரச் சொல்லியிருக்கு, வருவாரோ தெரியாது. உம்மா வெள்ளைச் சேட்டை அயன் பண்ணி வெச்சிட்டு, வாய் தடுமாறினா எழுதிக்கொண்டு போங்க எண்டா. எனக்குப் பயமாத்தான் இருக்கு மகன், இந்த வயசுல.

நேரத்துக்குச் சாப்பிடு, ஐந்து நேரமும் தொழு, வெயில்ல தலையை மூடிக்கொண்டு வேலை செய். அல்லாஹ் உன்ட கையில பறக்கத்தையும் நாவில உண்மையையும் தரட்டும், வாப்பாட துஆ எப்பவும் உனக்கு இருக்கு. ஒண்டை மறந்திராத. இந்தக் கடிதம் வந்து சேர முதலே ஊர்ல இருந்து யாரும் போன் எடுத்து வாப்பாவைப் பற்றிக் கதைச்சிருப்பாங்க, உன்ட றூம்ல இருக்கிற நம்மட ஊராக்களும் கேப்பாங்க. எனக்காக அவங்களோட சண்டைக்குப் போகாத. அவங்க சொல்லுறது உண்மை. ஓம், என்ட வாப்பாதான் எண்டு சொல்லு.

இப்படிக்கு,
உன் வாப்பா
மீராசாஹிபு