அப்பாவின் சோலைபாடியும் என் ஜாவாவும்

ஜூன் 8, வியாழன்
ஜாவாத் தீவில் பிறந்தவளுக்குக் கணினி நிரல்மொழி ஜாவாவும் தானாக வந்துவிடும் என்று எங்கள் மாலாங் ஊர்ப் பறவைச் சங்கம் நம்புகிறது. ஞாயிறு நடக்கும் பறவைகளின் பாட்டுப்போட்டிக்கு நான்தான் நிரல் எழுதுகிறேன். நடுவர் சொல்லும் மதிப்பெண்ணைத் தட்டினால் கோப்பில் எழுதும். கடைசியில் அதைப் படித்து முதலிடம் யாருக்கென்று சொல்லும். ஒரு பறவையின் பெயரைப் போட்டுப் பார்த்தேன். வேலை செய்தது. நடுவர்களிடம் இனித் தாளே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 9, வெள்ளி
டயர் ஒட்டும் கிமின் ஐயா, எங்கள் ஊர் வழக்கில் பாக் கிமின், என் காதுபடவே சொன்னார்: "கணக்கு எழுதறது மக, கூண்டு தூக்கிட்டு வர்றது அப்பன். கப்பை இன்னைக்கே அவங்க வீட்டுக்கு அனுப்பிடுங்களேன்."
அப்பாவும் கேட்டார். வீட்டுக்கு வந்து தன் சோலைபாடிப் பறவைக்கு வெட்டுக்கிளி ஊட்டினார். நான் சாப்பிட்டேனா என்று கேட்கவில்லை.

ஜூன் 11, ஞாயிறு
நாசம்.

ஜூன் 12, திங்கள்
அப்பாவின் பறவை நேற்று மைதானத்தையே கட்டிப்போட்டது. கடைசியாகப் பாட வந்த பாக் கிமினின் பறவை பாடவே இல்லை – எச்சமிட்டதோடு சரி. ஆறுதலுக்கு ஒரு மதிப்பெண் போட்டார்கள். பொத்தானை அழுத்தினேன். முதலிடம்: கிமின். ஒலிபெருக்கியில் வேறு.

கோப்பைத் திறந்தால் ஒரே வரி. ஒவ்வொரு பறவையை எழுதும்போதும் முந்தியதைத் துடைத்திருக்கிறது, பாவி. பழையதற்குக் கீழே எழுது என்று சொல்ல, கோப்பைத் திறக்கும் இடத்தில் 'ட்ரூ' என்று ஒரு சொல் போட வேண்டும். போட்டேனா? ஒற்றைப் பறவையை வைத்துச் சோதித்தவளுக்கு அது எங்கே தெரியப்போகிறது?

மைக்கைப் பிடித்து, தப்பு என்னுடையது என்றேன். யாருக்கும் விளங்கவில்லை. "பெத்த அப்பனுக்கே நாமம் போட்டுட்டா" என்று யாரோ சொல்ல, மைதானமே சிரித்தது. அப்பா கூண்டைத் துணியால் மூடிக்கொண்டு போய்விட்டார்.

ஜூன் 14, புதன்
அப்பா பறவையிடம் மட்டும் பேசுகிறார். 'ட்ரூ' போட்டுவிட்டேன். கோழி, பல்லி எல்லாவற்றுக்கும் மதிப்பெண் கொடுத்துப் பார்த்தேன். எல்லாரும் கோப்பில் பத்திரமாக இருக்கிறார்கள்.

ஜூன் 16, வெள்ளி
பாக் கிமின் கப்போடு வந்தார். "அண்ணே, என்னுது பாடலைன்னு எனக்குத் தெரியாதா? நீங்களே வெச்சுக்குங்க."
"எடுத்துட்டுப் போய்யா. என்னுது பாடினதை ஊரே கேட்டுச்சு. கப்பு என்ன, பாடவா போகுது?"
பிறகு இருவரும் காபி குடித்தார்கள். கிளம்பும்போது பாக் கிமின் சொன்னார்: "பக்கத்து ஊர்ச் சங்கத்துக்காரங்க கணக்கு எழுத உங்க பொண்ணைக் கேக்கறாங்கண்ணே. அப்பனையே கவுத்தவ, மத்தவனுக்கா ஓரவஞ்சனை பண்ணப்போறான்னு."
அப்பா சிரிப்பை அடக்கியது தெரிந்தது. ஆனாலும் என்னிடம் பேசவில்லை.

ஜூன் 25, ஞாயிறு
பக்கத்து ஊர்ப் போட்டி. அப்பாதான் வண்டியில் கொண்டுபோய் விட்டார். இறங்கும்போது சொன்னார்:
"யாராவது கேட்டா எம் பொண்ணுன்னே சொல்லு. அப்பத்தான் நம்புவாங்க."