கட்டுப் போடுமுன் கால்விரலைப் பார்க்கும்படி

அனுப்புநர்:
கட்டில் பதினான்கில் இருக்கும் பெயிண்டரின் மனைவி,
ஆண்கள் அறுவை சிகிச்சை வார்டு.

பெறுநர்:
மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள்,
மருத்துவமனை வளாகக் குடியிருப்பு.

பொருள்: புண்ணை மருத்துவர் நேரில் பார்த்த பிறகே கட்டுப் போட உத்தரவிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் சுவர்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர், சர்க்கரை நோயாளி. பெயிண்ட் டப்பாவின் மூடி வலது கால் பெருவிரலைக் கிழித்து, விரல் கறுத்துப்போனதால் சென்ற மாதம் இங்கே சேர்த்தேன்.

2. இந்த வார்டில் காலை ஆறு மணிக்குப் புண்களைத் திறந்து, துடைத்து, மருந்து வைத்துக் கட்டிவிடுகிறார்கள். மருத்துவர் ஒன்பது மணிக்குச் சுற்று வருகிறார். அவர் வரும்போது ஒரு புண்ணும் திறந்திருக்கக் கூடாது என்பது வார்டின் ஒழுங்கு. நர்ஸ் அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நாற்பது கட்டிலுக்கு அவர் ஒருவர்தான். ஆனால் சேர்த்த முதல் வாரம் சுற்று வந்த நாளெல்லாம் மருத்துவர் பார்த்தது வெள்ளைத் துணியை மட்டுமே.

3. இதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் மறைக்க மாட்டேன். மூன்றாம் நாள் வாடை வந்தது. பக்கத்துக் கட்டில்காரர்கள் மூக்கைப் பொத்தினார்கள். என் கணவருக்கு அவமானமாகிவிடக் கூடாதென்று தினமும் சுற்றுக்கு முன் கட்டின் மேலும் படுக்கையிலும் நானே முகப்பவுடரைத் தூவினேன். "நல்லா சுத்தமா வெச்சிருக்கீங்கம்மா" என்று மருத்துவர் பாராட்டினார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது ஐயா.

4. ஏழாம் நாள் என் கணவர் காய்ச்சலில் பிதற்றிய பிறகுதான் மருத்துவர் கட்டைப் பிரிக்கச் சொன்னார். அழுகல் கணுக்காலைத் தாண்டியிருந்தது. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். முதலிலேயே பார்த்திருந்தால் ஒரு விரலோடு போயிருக்கும் என்று அதே மருத்துவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "இனிமே எனக்கு ஒரு செருப்பு போதும், இன்னொண்ணை நீ போட்டுக்கோ" என்று என் கணவர் என்னைச் சிரிக்கவைக்கப் பார்த்தார். என்னால் முடியவில்லை. அவருக்கு ஏணி ஏறுவதுதான் பிழைப்பு.

5. இன்று காலை அவருடைய இடது கால் சுண்டுவிரலின் நுனி கறுத்திருக்கக் கண்டேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. நர்ஸ் அம்மா கட்டுத்துணியோடு வந்தபோது கையைப் பிடித்துத் தடுத்தேன். "என்னைத்தாம்மா திட்டுவாங்க" என்றார். இன்று ஞாயிற்றுக்கிழமை, மருத்துவரின் சுற்று கிடையாது.

ஆகவே, இன்றே ஒரு மருத்துவரை அனுப்பி அந்த விரலைப் பார்க்கச் செய்யுங்கள். இனி எந்தக் கட்டிலிலும் மருத்துவர் பார்க்காமல் புண்ணை மூட வேண்டாமென்று உத்தரவிடுங்கள். போன காலுக்காக யாரிடமும் சண்டைக்கு வரவில்லை. அதில் என் பங்கும் இருக்கிறது. விடுமுறை நாளில் வீடு தேடி வந்ததைப் பொறுத்தருள வேண்டும். அந்த விரலை எடுத்தால்தான் கால் தங்கும் என்றால் எடுத்துவிடுங்கள் ஐயா. எங்கே சொன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

இடம்: தங்கள் வீட்டு வாசல்
நாள்: ஞாயிறு, காலை ஏழரை மணி

இப்படிக்கு,
(கையொப்பம்)
பெயிண்டரின் மனைவி