அப்பா குடித்த இன்சுலின்

அன்புப் பாப்பாவுக்கு, அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சண்டை போடுகிற அளவுக்குத் தெம்பாகவே இருக்கிறோம், நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, சுகமாக இருந்தால் எங்களுக்கு அதுவே போதும். நம் பைண்டிங் கடையில் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன், பதறாதே. அப்பா இன்சுலின் போட்டே ஆக வேண்டும் என்று டாக்டர் சொன்னாரே, இந்த மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? ஊசிக்குப் பயந்துகொண்டு, நானே போட்டுக்கொள்கிறேன் என்று என்னை வெளியே அனுப்பிவிட்டு, மருந்தைத் தண்ணீரில் கலந்து குடித்திருக்கிறார்! வயிற்றில்தானே குத்தச் சொல்கிறார்கள், எந்த வழியாகப் போனால் என்ன என்று வியாக்கியானம் வேறு. சர்க்கரை ஏறி, பேப்பர் வெட்டும் மிஷின் முன்னால் தலைசுற்றிச் சாய்ந்துவிட்டார், கை பிளேடுக்குப் பக்கத்தில் கிடந்தது. தெளிய வைத்துக் கேட்டபோதுதான் உண்மையைக் கக்கினார்.

அப்புறம், உடம்பில் இன்சுலின் எப்படி உருவாகிறது என்று உன் பாடத்திலிருந்து முன்பு போனில் சொன்னாயே, அதையெல்லாம் அவர் பைண்டிங் பாஷையில் எடுத்துவிட்டேன். உயிரணுவுக்குள் உட்கரு என்ற அறையில் மூலப்பிரதி பத்திரமாக இருக்கும், நகல் மட்டும்தான் வெளியே வரும், அதைப் படித்து ரைபோசோம் இன்சுலின் புரதத்தைச் சரமாகக் கோக்கும், ஒட்டினாற்போல் இருக்கிற எண்டோபிளாச வலையில் அதை மடித்து, பிரியாமல் தையல் போடுவார்கள், மடிப்பு கோணினால் தயவுதாட்சண்யம் இல்லாமல் கழித்துவிடுவார்கள், பிறகு கோல்கி என்கிற பகுதி அதைப் பையில் போட்டுக் கட்டும், பைக்குள் வைத்துத்தான் சரத்தின் நடுத்துண்டை வெட்டி எடுப்பார்கள், இத்தனைக்கும் கரண்ட் கொடுப்பது மைட்டோகாண்ட்ரியா என்றேன். கட்டின பிறகு எவனாவது வெட்டுவானா என்று குதித்தார். அதை அவர்களிடமே கேளுங்கள், அந்த மடிப்பு இருந்தால்தான் இன்சுலின் வேலை செய்யும், மருந்துக்கும் அதே மடிப்புதான், குடித்தால் முட்டையைச் செரிக்கிற மாதிரி வயிறு அதைப் பிரித்து நறுக்கிவிடும் என்றேன். அதற்கு மனுஷன், "இத்தனை பேரு பார்த்துப் பார்த்து மடிச்சுத் தைச்சதை நான் கிழிச்சுல்ல போட்டிருக்கேன்" என்றார். டாக்டர் உயிருக்கு ஆபத்து என்றபோது அசையாதவர், இதற்கு அசைந்துவிட்டார், என்னத்தைச் சொல்ல.

இன்று காலை தானாகவே சட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து சுவரைப் பார்த்து நின்றார். ஊசியைக் கையில் எடுத்ததும், இவர் இல்லாமல் நான் என்ன செய்வேன் என்று அப்போதுதான் அழுகை வந்தது. போட்டுவிட்டேன். வலித்ததா என்று கேட்டேன், பதிலே சொல்லாமல் கடைக்குப் போய்விட்டார்.

நீ நினைத்ததெல்லாம் கைகூடி மகராசியாக இரு. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது ஒன்றும் தெரியாத மாதிரியே பேசு, மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா

படித்துவிட்டேன். வலிக்கல பாப்பா. அம்மாவை அழ வேண்டாம்னு நீயே சொல்லு. — அப்பா