மான் கொம்பும் வெள்ளிக்கிழமையும்

நியூசிலாந்து
13.3.2004

அம்மாவுக்கு உங்க மகன் பிராங்கிளின் தோத்திரம் சொல்லி எழுதுறது. முழங்கால் வலி இப்ப எப்படி இருக்கு? தங்கச்சி அனிஷா வேலைக்குப் போறாளா? நான் நல்லா இருக்கேன்.

நான் அனுப்புன மான் கொம்பு மாத்திரையைத் தவக்காலத்துல சாப்பிடலாமான்னு போன்ல கேட்டீங்கல்ல. கொம்புதானம்மா, கறியா என்னன்னு சிரிச்சேன். அது தப்பு. நேத்து கம்பெனி லேப்ல அதுல என்னென்ன இருக்குன்னு ஒரு தாள் குடுத்தாங்க. பாதிக்கு மேல புரதச்சத்து, அப்புறம் கால்சியம், பாஸ்பரஸ், கொஞ்சம் கொழுப்பு. முத்தின கொம்பு இல்லம்மா, ரத்தம் ஓடுற இளங்கொம்பு. அதை அறுத்துக் காயவச்சுத்தான் பொடியாக்குறோம். அதனால ஈஸ்டர் வரைக்கும் நிறுத்தி வைங்க. மூட்டு வலிக்குக் கேக்கும்னு லேப்லயும் உறுதியாச் சொல்லல, டாக்டர் குடுத்த மாத்திரையை விட்றாதீங்க. ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல, மகன் சொல்லித்தான் சாப்பிட்டேன்னு சொல்லிருங்க.

நான் தவக்காலத்து வெள்ளிக்கிழமை மட்டுமாவது கறி தொடக்கூடாதுன்னு இருந்தேன். அந்தத் தாள்ல கிழமை போட்டிருந்ததைப் பாத்துத்தான் நேத்து வெள்ளின்னே தெரிஞ்சது. அதுக்குள்ள மத்தியானம் கறி வச்ச ரொட்டியைத் தின்னு முடிச்சுட்டேன். வெள்ளின்னு இங்க சொல்ல யாரு இருக்கா.

எலுமிச்சை ஊறுகாயும் நம்ம கோயில் காலண்டர் ஒண்ணும் அனுப்புங்க. வெள்ளிக்கிழமைக்கெல்லாம் பேனாவால வட்டம் போட்டு அனுப்புங்க. கடுதாசி எல்லாம் அனிஷா எழுத்துலதான் வருது. வட்டம் மட்டும் நீங்க போடுங்கம்மா.

வேலைக்குப் போற வேன் வந்திருச்சு.
பிராங்கிளின்